சிலுப்பாத கிடா

சென்ற மாதம் இளம் போதகர் ஒருவர் போனில் கூப்பிட்டார். பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றைப் பேச அவருக்கும் கொடுத்திருக்கிறார்களாம்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு கிடா கதை உண்டாமே? சிலுவை மரணத்த அப்படி யாரும் விளக்குனதில்லன்னு பழைய ஆளுக சொல்லுதாங்க. குடுத்தியன்னா படம் போட்டுத் திரையில காட்டிருவேன்" என்றார்.

தர மாட்டேன் என்றேன். அவருக்கு முகம் சுண்டிப் போயிருக்கும், போனில் தெரியவில்லை. உபதேசியார் வேலையில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் ஒரு உதாரணக் கதையைக் கொடுக்கக் கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார். கஞ்சத்தனம் இல்லை. அந்தக் கதையைச் சொல்வதை நான் நிறுத்தி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏன் நிறுத்தினேன் என்பதை வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு ஊர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் உபதேசியார் பயிற்சிக்குப் போனேன். இரண்டு வருடம். பாவநிவாரணம், ஒப்புரவாகுதல், பதிலாள் மரணம் என்று பெரிய பெரிய சொற்களைப் படித்து, பரீட்சையில் முதல் ஆளாக வந்தேன். பிறகு ஒரு சைக்கிளையும் ஒரு படச்சுருளையும் கொடுத்து சங்கரன்கோவிலுக்கு அனுப்பினார்கள். நான் படித்த சொல் ஒன்றுகூட குருவிகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் செல்லுபடியாகவில்லை. பாவநிவாரணம் என்றால், "வெள்ள நிவாரணம் மாதிரி கவர்மெண்டுல குடுக்கதா ஐயா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அப்போதுதான் கிடா கதையைக் கண்டுபிடித்தேன். ஊர் எல்லைச் சாமிக்குக் கொடை நடக்கும்போது கிடா வெட்டுவது அந்த ஊர்களில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் சொல்வேன்: "ஊரு மேல வந்த கோவத்த ஒரு கிடா தாங்கிக்கிடுது. ஊரு பிழைக்குது. அது மாதிரி நம்ம பாவத்துக்கு வரவேண்டிய தண்டனைய இயேசு தன் மேல வாங்கிக்கிட்டாரு. நாம பிழைச்சோம். இனிமே கிடா வேண்டாம்." கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். என் கதையைக் கேட்டு அடுத்த வட்டாரத்து உபதேசியார்கள்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் என் வாழ்நாளில் ஒரு கிடா வெட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அதெல்லாம் பார்க்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்தார்கள்.

எங்கள் குருவானவரை ஐயர் என்போம். ஆசீர்வாதம் ஐயர். ஒல்லி, உயரம், வெள்ளை ஜிப்பா. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை என் ஊழிய அறிக்கையை அவர் மேஜையில் வைக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சிவப்புப் பென்சிலை எடுப்பார். "கர்த்தருடைய கிருபையால் ஆத்துமாக்கள் திரளாய்க் கூடினார்கள்" என்று எழுதியிருப்பேன். "திரளாய்" என்பதை அடித்துவிட்டு, "எத்தன பேரு வே?" என்பார். பதினொன்று என்பேன். பதினொன்று என்று எழுதுவார். "உருக்கமாய்ப் பிரசங்கித்தேன்" என்பதில் உருக்கத்தை அடிப்பார். அவர் படித்து முடிக்கும்போது என் அறிக்கை ரேஷன் கார்டு அளவுக்கு வந்திருக்கும். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, "பிறகு?" என்று ஒரே ஒரு கேள்வி. எழுதாமல் விட்டதை எல்லாம் அந்தக் கேள்விக்கு நாம் சொல்லிவிடுவோம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கரிசல் ஊரில் ஏழு பேர் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஆறு மாதம் வகுப்பு. ஞாயிறு மத்தியானம் ஓலைக் கொட்டகையில் கூடுவோம். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் மூன்றும் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எந்தப் பாடம் முடிந்தது என்று நோட்டில் குறிப்பேன். ஈஸ்டர் அன்று காலையில் சங்கரன்கோவிலில் எங்கள் கோயிலில் (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. ஏழு பேர் என்று மேலிடத்துக்கும் எழுதிவிட்டோம். என் ஊழியத்தில் அதுவரை ஒரே நாளில் ஏழு பேர் சேர்ந்ததில்லை. அந்த ஏழு எனக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏழு பேரில் முதலில் பாடத்தை முடித்தவன் சங்கரபாண்டி. முப்பது வயது இருக்கும். ஆட்டுக் கிடை வைத்திருந்தான். வெளியே ஆடுகள் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு எப்போதும் வாசலோரம்தான் உட்காருவான். ஈஸ்டருக்கு ஐந்து வாரம் இருக்கும்போது நான் என் கிடா கதையை எடுத்தேன். வழக்கம்போல் எல்லாரும் தலையாட்டினார்கள். சங்கரபாண்டி மட்டும் எழுந்து நின்றான்.

"ஐயா, ஏசு சிலுப்புனாரா?"

மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆண்டவர ஆட்டோட சேத்து வச்சுப் பேசுதியா? பரிகாசம் பண்ணவா இங்கன வந்தே? உக்காருலே" என்றேன். ஆண்டவரை ஆட்டோடு சேர்த்தது நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. அவன் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை.

அந்த மாத அறிக்கையில், "ஒருவர் பின்வாங்கிப் போனார்" என்று எழுதினேன். ஐயர் அந்த வரியில் பென்சிலை நிறுத்தினார்.

"பின்வாங்குனானா, நீரு வெரட்டுனீரா?"

நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். அவன் கேட்டதை அவன் கேட்டபடியே இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"சிலுப்புறதுன்னா என்னன்னு உமக்குத் தெரியுமா வே?"

தெரியாது என்றேன். அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தி அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களாம். அது உடம்பை உதறிச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்தது, கிடாயும் சம்மதித்தது என்று அர்த்தமாம். சிலுப்பாத கிடாயை வெட்டக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் அரிவாள் தூக்கினவன் காத்துத்தான் நிற்க வேண்டும்.

"முப்பது வருசமா பிரசங்கம் பண்ணுதேன். இந்தக் கேள்விய இவ்வளவு நேராக் கேட்டவன் ஒருத்தனும் கெடையாது. நீரு அவன வாய மூடச் சொல்லியிருக்கீரு" என்றார் ஐயர். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றே பஸ் ஏறினோம். ஊருணிக் கரையில் சங்கரபாண்டி ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றான். ஐயரைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தான். ஐயர் செருப்போடு சகதியில் இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன்" என்றார். "சிலுப்புனாரு. மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாரு. அதை நாங்க மறைக்கதில்ல. சாகுததுக்கு முந்தின ராத்திரி ஒரு தோட்டத்துல முழங்கால் போட்டு, இது எனக்கு வேண்டாம்னு கெஞ்சுனாரு. யாரும் அவரு மேல தண்ணி தெளிக்கல. அவரு வேர்வையே அவரு மேல வடிஞ்சுது. அதுக்குப் பிறகு, சரி, உம்ம இஷ்டம்னு எந்திரிச்சாரு. கிடாய சிலுப்புற வரைக்கும் விடமாட்டாங்க, தண்ணிய ஊத்திக்கிட்டே இருப்பாங்க, இல்லையா? இவர யாரும் கட்டிவைக்கல. போயிருக்கலாம். போகல."

"வெட்டச் சொன்னது அவங்க அப்பாதானே ஐயா?"

"உபதேசியார் கதையில அப்படித்தான் வரும்" என்று ஐயர் என்னைப் பார்த்தார். "அப்பா ஒரு பக்கம் அரிவாளோட நிக்கல. கோவப்பட்ட சாமி வேற, வெட்டுப்பட்ட ஆளு வேறன்னு நினைச்சா அது தப்பு. சாமியே எறங்கி வந்து கழுத்தக் குடுத்துது. அதனாலதான் இது கிடா வெட்டு இல்ல."

ஆடுகள் குடித்து முடித்துக் கரையேறின. அப்புறம் சங்கரபாண்டி சொன்னான்.

"அப்பம் நான் வெட்டுனதுதான் ஐயா சிலுப்பாத கிடா."

மூன்று வருடத்துக்கு முன் கோடையில் அந்த ஊரில் ஒரு வைக்கோல் படப்பு எரிந்திருக்கிறது. ஊரில் நிறைய நிலம் வைத்திருந்த பெரிய சம்சாரி வீட்டுப் படப்பு. தீ பக்கத்துத் தொழுவத்துக்குப் பரவி, கட்டிக் கிடந்த ஜோடி உழவு மாடுகள் செத்துப்போயின. அந்தப் படப்பு நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு அணைக்காமல் போட்டுப் போனவன் சங்கரபாண்டி. பழி விழுந்தது மாடசாமி என்பவர் மேல். அவர் அந்தத் தொழுவத்தில் வேலை பார்த்தவர். இரண்டு நாளைக்கு முன்னால்தான் சம்சாரியோடு வாய்த்தகராறு பண்ணியிருந்தார். அது போதுமே. ஊர் கூடும் சாவடித் தூணில் கட்டிவைத்து அடித்ததில் அவருடைய வலது மணிக்கட்டு ஒடிந்தது. அவரை ஊரைவிட்டே விலக்கி வைத்துவிட்டார்கள்.

"நான் இல்ல, நான் இல்லன்னு அவரு கத்திக்கிட்டே கெடந்தாரு ஐயா. நான் இங்கனதான், இதே இடத்துல, ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்னேன். சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. ஒனக்குப் பதிலா ஒருத்தரு அடிபட்டாரு, நீ பிழைச்சேன்னு உபதேசியாரய்யா சொன்னதும் எல்லாருக்கும் சந்தோசமா இருந்திருக்கும். எனக்கு மாடசாமி அண்ணாச்சி மொகந்தான் வந்துது."

என் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு உபதேசியார் என்ன செய்வானோ அதைச் செய்தேன். அவன் தோளில் கையை வைத்து, "ஆண்டவரு எல்லாத்தையும் மன்னிப்பாருப்பா. ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினேன்.

"கண்ணத் தெறவும் வே" என்றார் ஐயர். பிறகு அவனைப் பார்த்து, "மாடசாமி இப்பம் எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

மாடசாமி சங்கரன்கோவிலில்தான் இருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டல்களுக்குத் தள்ளுவண்டியில் தகர டின்களை அடுக்கித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றும் வேலை. நான் அவரை நூறு தரம் கடந்து போயிருப்பேன். எங்கள் கோயில் கிணறு வற்றிய கோடைகளில் எங்களுக்கே அவர்தான் தண்ணீர் கொண்டுவருவார். வளைந்த மணிக்கட்டை நான் பார்த்ததும் உண்டு. எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் காலை நாங்கள் மூன்று பேரும் அவரிடம் போனோம். சங்கரபாண்டி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மாடசாமி டின்களைக் கட்டும் கயிற்றை இடது கையால் சுருட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் அவனைப் பார்க்காமல் ஐயரைப் பார்த்தார்.

"ஒங்க சாமி இவன மன்னிச்சுட்டாரோ?"

"அதச் சொல்ல நான் வரல" என்றார் ஐயர்.

"பின்ன எதுக்கு வந்திய?"

"ஒம்மகிட்ட வராம அதச் சொல்ல எனக்கு வாய் வரல."

மாடசாமி கயிற்றை வண்டியில் எறிந்தார். "அடி வாங்குனவன் நான். இவன் உங்க கோயில்ல வந்து மண்டி போட்டா தீந்துருமா? இங்கன மறைவா வந்து எங்காதுல சொல்லுதான். என்னய அடிச்சது சாவடியில, அம்புட்டு சனமும் பாக்க. எங்க அம்ம செத்தப்பகூட ஊருக்குள்ள விடல. எல்லையில நின்னு பாடை போறதப் பாத்தேன். இவன அங்க போயிச் சொல்லச் சொல்லுங்க. பெறகு எங்கிட்ட வரட்டும்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சங்கரபாண்டி அங்கேயே, "சொல்லுதேன்" என்றான்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி கோமதி கைப்பிள்ளையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஒங்க வேதத்துல சேரட்டும்னு நான்தான் அனுப்புனேன். எம்புருசனக் கொல்லவா பாக்கிய? பெரிய வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா? மூணு வருசமா மூடிக் கெடந்தத நீங்க எதுக்குக் கிளறுதிய? ஒங்க ஏசுதான் எல்லாத்துக்கும் சேத்துச் செத்துட்டாருல்லா? பெறகு இவரு வேற எதுக்குச் சாகணும்?"

உண்மையைச் சொன்னால், அவள் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. ஐயரிடம் போய், "மொதல்ல ஞானஸ்நானம் ஆகட்டும் ஐயா, ஊருக்குச் சொல்லுததப் பெறகு பாத்துக்கிடலாம்" என்றேன். கோமதிக்காகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஐயருக்கா தெரியாது? என் அறிக்கையில் இருந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவரு செத்தது நாம அவரு பின்னால ஒளிஞ்சுக்கிடதுக்கு இல்ல வே. ஒளிஞ்சு கெடக்கவன் பயமில்லாம வெளிய வாறதுக்கு. தண்டனை போயிட்டு, இனி ஒண்ணும் செய்ய வேண்டாம்னு நீரு சொல்லிக் குடுத்துருக்கீரு. பாதிதான் அது. அவரோட சேந்து சாகதுக்குப் பேருதான் ஞானஸ்நானம். அதுக்கு அவன் சம்மதிக்கணும். நீரும் நானும் அவன் மேல தண்ணிய ஊத்தி ஊத்திச் சிலுப்ப வைக்க முடியாது. சொல்லப் போறதும் போகாததும் அவன் பாடு. போனா, நீரு கூடப் போவும்."

சங்கரபாண்டி கேட்டுக்கொண்டபடி பெரிய வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவடியில் ஊர் கூடியது. நான் அவன் பின்னால் நின்றேன். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவன் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று, சுற்றி வளைக்காமல், "படப்பு எரிஞ்சது என் பீடியில. மாடசாமி அண்ணாச்சி மேல குத்தமே கெடையாது. அவர இங்க கட்டியிருந்தப்ப நான் ஊருணியில நின்னேன்" என்றான். பெரிய வீட்டுச் சம்சாரி எழுந்து வந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். மறு அறைக்குக் கை ஓங்கியவர் ஏனோ இறக்கிக்கொண்டார். கட்டிவைத்து அடித்தவர்களில் நாலைந்து பேர் அங்கேயே இருந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஊர் பேசி முடிவெடுத்தது. மாடசாமி திரும்பி வரலாம். அவர் வெளியே கிடந்ததற்கு ஈடாகச் சங்கரபாண்டி மூன்று வருடம் வெளியே இருக்க வேண்டும். கிடையைக் கோமதியும் அவள் தம்பியும் பார்த்துக்கொள்ளலாம்.

"சம்மதமா?" என்று நாட்டாமை கேட்டார்.

"சம்மதம்" என்றான்.

நான் பஸ் பிடித்துக் கோயிலுக்குள் நுழையும்போது மூன்றாம் வார்த்தை முடிந்து பாட்டு நடந்துகொண்டிருந்தது. கறுப்புத் துணி போட்ட பீடம். மணி கிடையாது, பூ கிடையாது. நான்காம் வார்த்தை எனக்கு. இருபது நிமிடம் பேச வேண்டும். என் பையில் கிடா கதை அழகாக எழுதி வைத்திருந்தது. ஏறி நின்றேன். அதை எடுக்கவில்லை. "அவர் போயிருக்கலாம், போகவில்லை" என்று மட்டும் சொன்னேன். அத்தோடு இறங்கிவிட்டேன். மீதி நேரம் முழுவதையும் ஐயர் அமைதிக்கு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அதைவிட நல்லதாக ஒன்றும் பண்ணவில்லை.

அந்த வருடமும் கோயில் கிணறு வற்றிப்போயிருந்தது. ஈஸ்டர் அன்று காலையில் தண்ணீர் கொண்டுவந்தவர் மாடசாமி. ஞானஸ்நானத் தொட்டிக்கு ஒரு டின் ஊற்றிவிட்டு, போகாமல் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். "வேண்டாம், இங்கன இருந்தே தெரியுது" என்றார். கோமதி கைப்பிள்ளையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவதாகச் சங்கரபாண்டி வந்தான். பேரை மாற்ற வேண்டாம் என்று கேட்டிருந்தான்; ஐயரும் சரி என்றிருந்தார். பிதாவின் பெயரால் என்று ஒரு கை தண்ணீர். குமாரனின் பெயரால் என்று இரண்டாவது கை. அந்தத் தண்ணீர் காதுக்குள் போயிருக்க வேண்டும். அவன் தன்னை அறியாமல் தலையையும் தோளையும் ஒரு சிலுப்பு சிலுப்பினான். ஐயருடைய வெள்ளை அங்கி முழுக்கத் தெறித்தது.

"சிலுப்பிட்டான் ஐயா!" என்று ஜன்னலில் இருந்து சத்தம் வந்தது. "போதும், விடுங்க."

கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆராதனையின் நடுவில் ஐயர் வேறு பேச்சுப் பேசி நான் பார்த்தது அந்த ஒரே தரம்தான்.

"இன்னும் ஒரு கை இருக்கு மாடசாமி. பொறும்" என்றார். மூன்றாவது கை தண்ணீரை ஊற்றினார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் கைகொடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். வண்டிக்குப் பக்கத்தில் மாடசாமி ஒரு துணி மூட்டையோடு ஊருக்குப் புறப்பட்டு நின்றார். சங்கரபாண்டி ஈரத் தலையோடு அவர் எதிரில் போய் நின்றான். மாடசாமி வண்டியின் கைப்பிடியை அவன் பக்கம் திருப்பி விட்டார்.

"இடது சக்கரம் இழுக்கும்" என்றார். "பாத்துத் தள்ளு."